சட்டப் பேராசிரியர்களுக்குப் பந்தலூரிலிருந்து ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் சட்டக் கல்லூரிகளில் அரசியல் சட்டமும் பன்னாட்டுச் சட்டமும் மனித உரிமையும் கற்பிக்கும் பேராசிரியர்களுக்கு வணக்கம்.

நீலகிரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில், பந்தலூர்ப் பக்கமிருந்து எழுதுகிறேன். மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். சாதிச் சான்று, வாரிசுச் சான்று, முதியோர் பென்ஷன், பெயர்த் திருத்தம் என்று எங்கள் சனங்கள் எதற்கு அலைந்தாலும் பாதிக் காகிதம் என் மேசைக்கு வந்துவிட்டுத்தான் தாலுகா ஆபீசுக்குப் போகும். என் அப்பாவும் அம்மாவும் இலங்கையின் மஸ்கெலியாத் தோட்டத்தில் பிறந்து, எழுபதுகளில் இங்கே வந்து சேர்ந்தவர்கள். அந்த வகையில் நானும் ‘தாயகம் திரும்பியோர்’ கணக்கில் வருகிறவன்.

உங்களிடம் கேட்க வந்தது இதுதான். இலங்கை மலையகத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட எங்கள் வரலாற்றை, இனப் பாகுபாட்டைப் பற்றிய சட்டப் பாடமாக உங்கள் வகுப்பில் வையுங்கள். அப்புறம் மாணவர்களை அழைத்துக்கொண்டு இங்கே வாருங்கள்.

இப்படிக் கேட்கும் தைரியம் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் பாடியில், அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில் வளர்ந்து, கீழே போய்ச் சட்டம் படித்துத் திரும்பிய பெண் ஒருத்தி, ஐ.நா. மனித உரிமைப் பேரவைக்கு 2018-இல் தரப்பட்ட ஓர் அறிக்கையைக் கொண்டுவந்து, என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து பத்தி பத்தியாகப் பொருள் சொன்னாள். எழுதியவர் டெண்டாயி அச்சியூமே. ஜாம்பியாவைச் சேர்ந்த சட்டப் பேராசிரியர். தென்னாப்பிரிக்காவில் அகதிகளுக்காக வேலை செய்தவர், கலிபோர்னியாவில் சட்டம் கற்பித்தவர். 2017 முதல் 2022 வரை இனவெறி குறித்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண் அவர்தான். அவருக்குப் பின் அதே பொறுப்புக்கு வந்தவர் பெங்களூருவைச் சேர்ந்த அஸ்வினி கே.பி. என்ற தலித் பெண் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அந்த அறிக்கை குடியுரிமை, நாட்டுரிமை, குடியேற்ற நிலை ஆகிய மூன்றின் வழியாக நடக்கும் இனப் பாகுபாட்டைப் பற்றியது. அதன் சாரத்தை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். ஒரு குடியுரிமைச் சட்டம் பாகுபாடு காட்டுவதற்கு அதில் எந்த இனத்தின் பெயரும் எழுதியிருக்க வேண்டியதில்லை. எல்லோருக்கும் பொதுவான நிபந்தனை போல ஒன்றை எழுதி வைத்தால் போதும், அது விழ வேண்டிய தலையில் சரியாகப் போய் விழும். உலகில் நாடற்றவர்களாக நிற்பவர்களில் மிகப் பெரும்பாலோர் ஏதோ ஒரு நாட்டின் சிறுபான்மை இனத்தவராக இருப்பதற்கு இதுவே காரணம். குடியுரிமை யாருக்கு என்று முடிவு செய்வது எங்கள் சொந்த விஷயம் என்று அரசுகள் சொல்லித் தப்பித்துவிட முடியாது என்கிறார் அவர்.

கேட்டுக்கொண்டிருந்தபோது இதை யாரோ எங்கள் குடும்ப அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார்கள் என்றே தோன்றியது.

1948-ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம், எண் 18. அதில் ‘தமிழர்’ என்றோ ‘தோட்டத் தொழிலாளி’ என்றோ ஒரு சொல்லும் கிடையாது. இலங்கையில் பிறந்தது மட்டும் போதாது, தகப்பன் அங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும், அதை நிரூபிக்கவும் வேண்டும் என்று மட்டும் சொன்னது. திருச்சி, சேலம், மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணி கூட்டிக்கொண்டுபோன ஆள்கள், முதலில் காப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் மலையை வெட்டித் திருத்தியவர்கள். லயம் என்ற தோட்டத்து வரிசை வீட்டில் பிறந்த பாட்டனுக்குப் பிறப்புப் பதிவை எங்கே போய்த் தேடுவார்கள்? ஏழு லட்சம் பேருக்கு மேல் ஒரே சட்டத்தில் நாடற்றவர்கள் ஆனார்கள். அதற்கு முந்தைய ஆண்டுத் தேர்தலில் தோட்டத் தமிழர்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களில் வென்றிருந்தது. அடுத்து 1949-இல் வாக்குரிமையும் போயிற்று.

சட்டம் படித்தவர்கள் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் இதற்கடுத்தது. வாக்காளர் பட்டியலில் தன் பெயரைச் சேர்க்கக் கேட்டுக் கோடாக்கன் பிள்ளை என்பவர் போராடினார். இலங்கையின் அன்றைய சோல்பரி அரசமைப்பின் 29(2) பிரிவு, மற்றவர்களுக்கு இல்லாத தடையை ஒரு சமூகத்தின் மேல் மட்டும் சுமத்தும் சட்டத்தை இயற்றக் கூடாது என்று தெளிவாகவே சொன்னது. பட்டியலைத் திருத்தும் அதிகாரி அவர் பக்கம் முடிவு சொன்னார். அதை உச்ச நீதிமன்றம் தள்ளியது. வழக்கு அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1953-இல் அவர்களும் கைவிரித்துவிட்டார்கள். தன் குடிமக்கள் யார் என்று முடிவு செய்வது ஒரு நாட்டின் சட்டமன்றத்துக்கு இயல்பான, நியாயமான அதிகாரம், அதனால் இது ஒரு சமூகத்துக்கு எதிரான சட்டம் ஆகாது என்பதுதான் தீர்ப்பின் போக்கு.

அச்சியூமே 2018-இல் எதை எதிர்த்து எழுதினாரோ அந்த வாதத்தின் அசல் வடிவம் இந்தத் தீர்ப்பு. ஒரு கூலிக்காரச் சமூகத்தின் பெயரில் ஏழு கடல் தாண்டிப் போன வழக்கு இது. சிறுபான்மைக்கு அரசமைப்பில் கொடுத்த காப்பு எப்படி உதவாமல் போகும் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான பாடம் தமிழ் மாணவர்களுக்கு வேறு எது? நான் பேசிப் பார்த்த இளம் வழக்கறிஞர்கள் யாரும் கோடாக்கன் பிள்ளையைக் கேள்விப்பட்டதில்லை. அமெரிக்காவில் கறுப்பினத்தவர் நடத்திய வழக்குகளை வரிசையாகச் சொல்கிறார்கள். அதைப் படிக்கட்டும், அது வேண்டும். இதையும் படிக்கட்டும்.

பிறகு வந்த ஒப்பந்தத்தை நீங்கள் அறிவீர்கள். 1964 அக்டோபர் 30, இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள். 9,75,000 பேர். அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று ஒத்தி வைத்து, 1974-இல் இந்திரா காந்தி காலத்தில் ஆளுக்கு 75,000 என்று பிரித்தார்கள். அந்த மக்களின் பிரதிநிதிகளைக் கலந்து பேசாமலே எழுதிய கணக்கு. எங்கள் இந்திய அரசமைப்பின் 8-ஆவது பிரிவு, வெளிநாட்டில் வசிக்கும் இந்திய வம்சாவளியினர் குடியுரிமைக்குப் பதிவு செய்துகொள்ளத் தொடக்கத்திலேயே வழி வைத்திருந்தது. அது விரும்பி வருகிறவர்களுக்கான வழி. இவர்களோ கணக்கில் ஒதுக்கப்பட்டு அனுப்பப்பட்டவர்கள்.

ஒரே லயத்தில் அண்ணன் இந்தியப் பிரஜை, தம்பி இலங்கைப் பிரஜை. மூத்த மகளைக் கட்டிக்கொடுத்த வீடு அந்தப் பக்கம், பெற்றவர்கள் இந்தப் பக்கம். தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பெயரைப் பதிந்து, அங்கே கொடுத்த குடும்ப அட்டையுடன் போட்ட இடத்துக்குப் போனார்கள். சிலருக்கு வியாபாரக் கடன், சிலருக்கு நூற்பாலை. தேயிலையைத் தவிர வேறு எதுவும் தெரியாதவர்கள், கீழ்நாட்டு வெயிலில் கடனும் கரைந்து, கொழுந்து பறிக்கிற இடம் எங்கே இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு மலையேறினார்கள். இவர்களுக்கு வேலை கொடுப்பதற்கென்று 1968-இல் தொடங்கியதுதான் இன்று டான்டீ என்று எல்லோரும் சொல்லும் அரசுத் தேயிலைத் தோட்டம். கோத்தகிரி, குன்னூர், கூடலூர், தேவாலா, சேரம்பாடி, கொளப்பள்ளி எங்கும் இருக்கிறோம்.

இங்கே வந்த பிறகும் சட்டம் எங்களை விடவில்லை. அதை ஒரு பிளாஸ்டிக் பையில் காட்ட முடியும்.

சேரம்பாடிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மாச்சி பேரனுக்குச் சாதிச் சான்று எழுத வந்தார். பையைத் திறந்து மேசையில் பரப்பினார். குடும்பமாக நின்று எடுத்த போட்டோ ஒட்டிய பழைய பாஸ்போர்ட், மூலையில் பூச்சி அரித்தது. மண்டபத்தில் கொடுத்த குடும்ப அட்டை, மடித்த இடமெல்லாம் செல்லோ டேப். இலங்கையில் பதிந்த பிறப்புச் சான்று, அதில் இனம் என்ற கட்டத்தில் ‘இந்தியத் தமிழர்’. ஆதார் அட்டை. ஒன்றில் ‘அம்மா’ என்று முடிகிற பெயர் இன்னொன்றில் ‘அம்மாள்’. ஒன்றில் தகப்பன் பெயர் முன்னெழுத்தாக நிற்கிறது, இன்னொன்றில் புருஷன் பெயர். பிறந்த வருஷம் மூன்றில் மூன்று விதம். அங்கே அந்தக் கட்டத்தில் ‘இந்திய’ என்று எழுதியதால் அவர் அந்நியர். இங்கே பிறந்த ஊர் பதுளை என்று எழுதியிருப்பதால் அதே கேள்வி: “நீங்க சிலோன்காரங்கதானே, சாதிக்கு என்ன ஆதாரம்?” பறையராகவும் பள்ளராகவும் சக்கிலியராகவும் கப்பலேறிப் போன சனங்கள்தான் எங்களில் பெரும்பங்கு. அங்கே கூலி, தோட்டக்காட்டான், கள்ளத்தோணி. திரும்பி வந்து அதே சாதிக்கு உரிய சான்றைக் கேட்டால் மறுபடி முதலிலிருந்து நிரூபிக்க வேண்டும். பையன் கல்லூரியில் சேரும் தேதி அதற்காகக் காத்திருக்காது.

அந்த அம்மாச்சி கோபப்படவே இல்லை. “எந்தக் காகிதம் கேட்டாலும் இருக்கு சாமி, ஒண்ணையும் தொலைக்கல” என்றார். அதைக் கேட்டு எனக்கு வந்த கோபம்தான் இந்த மடல்.

2025 கடைசியில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் வந்தபோதும் பீரோவுக்கு மேலே இருந்த இதே பைகள்தான் கீழே இறங்கின. பழைய பட்டியலில் பெயர் இருக்கிறதா, தகப்பன் பெயர் இருக்கிறதா என்று கேட்ட நேரத்தில், 1949-ஐ வாய்வழியாகக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அடிவயிற்றில் என்ன ஓடியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

சட்டப் பக்கத்துக்கு வருகிறேன். எல்லா வகை இனப் பாகுபாட்டையும் ஒழிப்பதற்கான பன்னாட்டு உடன்படிக்கை 1965-இல் நிறைவேறியது. இந்தியா 1968 டிசம்பரிலேயே அதை ஏற்றுக்கொண்ட நாடு. அதன் முதல் பிரிவிலேயே நிறம், தேசிய மூலம் இவற்றோடு வம்சாவளியும் இருக்கிறது. அதே பிரிவில், குடிமகனுக்கும் குடிமகன் அல்லாதவருக்கும் இடையே அரசு காட்டும் வேறுபாட்டுக்கு இந்த உடன்படிக்கை பொருந்தாது என்று ஒரு விலக்கும் இருக்கிறது. அரசுகள் அந்த விலக்கைப் பிடித்துக்கொள்கின்றன. 2004-இல் உடன்படிக்கைக் குழு தன் 30-ஆவது பொதுப் பரிந்துரையில், அந்த விலக்கைக் காட்டி அடிப்படைத் தடையையே குலைக்கக் கூடாது என்றது. 2002-இல் வந்த 29-ஆவது பரிந்துரை, வம்சாவளி என்பதில் சாதியும் அடங்கும் என்றது. இந்திய அரசு அதை ஒத்துக்கொள்வதில்லை. சாதி, குடியுரிமை, இனம் மூன்றும் ஒரே உடம்பில் முடிச்சுப் போட்டுக்கொண்டு நிற்பது எப்படி என்று மாணவருக்குக் காட்ட வேண்டுமானால் அந்த அம்மாச்சியின் பையைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது.

அச்சியூமே இன்னொரு கட்டுரையில், 2019 என்று நினைவு, இதைவிடத் துணிச்சலான ஒன்றைச் சொல்கிறார். காலனி ஆட்சி ஏழை நாடுகளையும் பணக்கார நாடுகளையும் ஒரே பொருளாதாரக் கட்டுக்குள் கட்டிப்போட்டது. லாபம் ஒரு பக்கம் ஓடியது. அப்படியிருக்க, சுரண்டப்பட்ட நாட்டிலிருந்து அந்தப் பணக்கார நாட்டுக்குப் போகிறவரை அந்நியர் என்று சொல்லி விரட்ட அந்நாட்டுக்கு உரிமை இல்லை என்பது அவருடைய வாதம். எங்கள் விஷயத்தில் இது அப்படியே பொருந்தாது. நாங்கள் ஒரு காலனியிலிருந்து இன்னொரு காலனிக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள். ஆனாலும் அதைப் படித்த பிறகு 1964 ஒப்பந்தம் எனக்கு வேறு மாதிரி தெரிகிறது. ஆள்களைக் கொண்டுபோனது வெள்ளைக்காரத் துரைமார். தேயிலைக் காசு போனது லண்டனுக்கு. கடைசியில் அந்தச் சனங்களை என்ன செய்வது என்ற பேச்சு வந்தபோது, அப்போதுதான் விடுதலை பெற்ற இரண்டு ஏழை நாடுகள் மேசையில் உட்கார்ந்து ஆளுக்கு இத்தனை என்று பங்கு போட்டுக்கொண்டன. லண்டன் அந்த மேசையில் இல்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. பரிகாரம், இழப்பீடு என்று உலகம் முழுக்கப் பேசுகிறார்களே, அந்தப் பேச்சில் எங்கள் பக்கம் யார் ஆஜராவது? இதை ஆராய்ச்சிக்கு எடுக்கும் ஒரு மாணவரை நீங்கள் உருவாக்கித் தந்தாலே பெரிய உபகாரம்.

எங்களை மட்டுமே பார்த்துவிட்டுப் போகாதீர்கள். நாங்கள் வந்து இறங்கிய இந்த மண் பணியர், காட்டுநாயக்கர், குரும்பர், இருளர் வாழ்ந்த மண். எங்களுக்குத் தேயிலை நட்டுக் கொடுத்தபோது அவர்களுடைய காடு சுருங்கியது. ஜமீன் போன்ற பழைய நில உடைமையான கூடலூர் ஜன்மம் முறையை ஒழிக்கும் 1969 சட்டத்தின் 17-ஆவது பிரிவில் சிக்கிக் கிடக்கும் நிலத்தில் குடிசை போட்ட எங்கள் ஆள்களுக்கு இன்றும் பட்டா இல்லை, பல வீடுகளுக்குக் கரண்டு இல்லை. 2022-இல் டான்டீ நிலத்தில் 2,000 ஹெக்டேருக்கு மேல் வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க அரசு முடிவெடுத்தது. வேலை முடிந்து ஓய்வு பெற்றவர் லைன் வீட்டைக் காலி செய்துவிட்டு எங்கே போவது என்பது அப்போதிலிருந்து இன்னும் பெரிய கவலை. ஒரு பக்கம் காட்டை இழந்த பழங்குடி, மறு பக்கம் நாட்டை இழந்த தொழிலாளி. இந்த இரண்டு பேரையும் எதிரெதிரே நிறுத்தியது எந்தெந்தச் சட்டம் என்று பொறுமையாகப் பிரித்துச் சொல்ல உங்களைப் போன்றவர்களால்தான் முடியும்.

இன்னொன்றும் உண்டு, சொல்லக் கஷ்டமாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். இன்றைக்கு இந்தத் தோட்டங்களில் கொழுந்து பறிப்பவர்களில் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த குடும்பங்கள் நிறைய. எங்கள் பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் போய்விட்டார்கள், அவர்கள் விட்ட இடத்துக்கு இவர்கள் வந்திருக்கிறார்கள். இவர்களை ‘வடக்கன்’ என்று கூப்பிடுகிறவர்கள் எங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். கூலியைக் கெடுத்தான், குடித்துவிட்டுக் கிடக்கிறான், எங்கிருந்து வந்தானோ என்கிறார்கள். எங்கள் தாத்தன்மாரைப் பற்றிச் சொன்ன அதே வசனம். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவி, பயந்துபோய் எத்தனையோ பேர் ஊருக்கு ரயிலேறியதையும் பார்த்தோம். தென்னாப்பிரிக்காவில் 2008 மே மாதம் வெளிநாட்டார் மேல் பாய்ந்த வன்முறையில் 60 பேருக்கு மேல் செத்தார்கள். அந்த நாட்டு நிலைமையை ஆராய்ந்த அச்சியூமே, அந்நியர் வெறுப்பு என்பது அடிக்கிற கையில் மட்டும் இல்லை என்று காட்டினார். வெறுப்பே இல்லாத அதிகாரி ஒருவர், வெறுப்பே இல்லாத ஒரு விதியை அமல்படுத்தி, வந்தவர்களை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட முடியும். எங்கள் எஸ்டேட்டில் அதற்கு உதாரணம் தேட வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் அவர்கள் பிள்ளைகளுக்குப் புரிகிற மொழி இல்லை. ஒப்பந்தக்காரர் கணக்கில் இருப்பதால் தோட்டத்தின் பதிவேட்டில் பெயர் ஏறாதவர்களும் உண்டு. மாநிலம் விட்டு மாநிலம் போகும் தொழிலாளர்களுக்கென்று 1979-இலேயே ஒரு சட்டம் போட்டார்கள். அதில் சொன்னபடி ஒரு பாஸ்புக்கை அவர்கள் யாரிடமும் நான் பார்த்ததில்லை.

முகாம்களில் இருப்பவர்களையும் மறந்துவிடக் கூடாது. 1983-க்குப் பிறகு அகதியாக வந்தவர்களில் மலையகத் தமிழர்களும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பாட்டன் புதுக்கோட்டை, பேரன் அகதி முகாம். 2019 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இப்படிப்பட்டவர்களின் குடியுரிமைக் கோரிக்கையைப் பரிவோடு பார்க்க வேண்டும் என்ற திசையில் தீர்ப்புச் சொன்னது. அதே வருஷம் டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளைச் சொன்னது. இலங்கையைச் சொல்லவில்லை. 1948 சட்டத்தைப் படித்தவர்களுக்கு, சொல்லாமல் விடுவதும் சட்டத்தின் ஒரு வழி என்று தெரியும்.

சரி, வேண்டியதைச் சொல்கிறேன். 1948 சட்டத்தையும் கோடாக்கன் பிள்ளை வழக்கையும் இரண்டு ஒப்பந்தங்களையும், அச்சியூமே அறிக்கையோடு சேர்த்து ஒரு பருவத்துக்காவது பாடமாக எடுங்கள். பாடத்திட்டக் குழுவில் இருப்பவர்கள் அங்கே பேசுங்கள். அறிக்கையின் முக்கியப் பகுதிகளை மாணவர்களைக் கொண்டு தமிழில் ஆக்கித் தந்தால் எங்கள் ஊர் நூலகத்தில் வைக்கிறோம். உங்கள் கல்லூரிகளில் சட்ட உதவி மையம் இருக்கிறது. அதன் முகாமைச் சமவெளியில் மட்டும் போடாமல் வருஷத்துக்கு ஒருமுறை சேரம்பாடியிலும் கொளப்பள்ளியிலும் போடுங்கள். வயதானவர்கள் இருக்கும்போதே அவர்கள் பைகளில் உள்ள காகிதங்களைப் படம் பிடித்து, பெயர் வேறுபாட்டுக்கு உறுதிமொழிப் பத்திரம் எழுதி, அரசிதழில் பெயர்த் திருத்தம் போட வேண்டியவர்களுக்குப் போட்டு, ஒரு வீட்டுக்கு ஒரு கோப்பு என்று முடித்துக் கொடுத்தால் அடுத்த தலைமுறைக்கு அலைச்சல் மிச்சம்.

ஜூன், ஜூலையில் வர வேண்டாம். தேவாலாவிலும் பந்தலூரிலும் அப்போது மழை விடாது, ரோட்டில் மண் சரியும், பழைய காகிதத்தை வெளியில் எடுக்கவே முடியாது. ஜனவரி, பிப்ரவரி தோதான மாதங்கள். கோவையில் காலையில் பஸ் ஏறினால் ஊட்டி வழியாக மதியத்துக்கு மேல் கூடலூர் வந்துவிடலாம், அங்கிருந்து எங்கள் ஊருக்கு பஸ் உண்டு. ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் வேலை இல்லை, எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். இந்தி தெரிந்த மாணவர் ஒருவரையாவது கூட்டி வாருங்கள், ஜார்க்கண்ட் குடும்பங்களிடமும் பேச வேண்டும். ஒரு ஸ்கேனர், வெள்ளைத் தாள், முத்திரை மை கொண்டுவந்தால் போதும். தங்க இடமும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு. எந்த வாரம் என்று முன்கூட்டிச் சொன்னால் பாடி பாடியாகப் போய்ச் சொல்லி வைக்கிறேன்.

இப்படிக்கு,
பந்தலூரிலிருந்து,
தாயகம் திரும்பியோர் வீட்டுப் பிள்ளை ஒருவன்